நூறு செல்கூட இல்லை

சீதாதேவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் போன் வந்தது. திங்கட்கிழமை காலை. ஜூலை மாதம் இங்கே குளிர்காலம், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே போன சனியன் சத்தம் அடங்கும்வரை பொறுத்துவிட்டு "ஹலோ" என்றாள்.

ரதிதேவிதான் பேசினாள். ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்க்கும் நர்ஸ், யாழ்ப்பாணத்துப் பெண். குழைந்து பேசத் தெரியாதவள்.

"அக்கா, ரிப்போட் வந்திட்டுது. நல்ல செய்தி இல்லை. ஆனா கெட்ட செய்தி எண்டும் சொல்லேலாது."

"என்னாம்மா இது? ஒண்ணு நல்லதா இருக்கணும், இல்ல கெட்டதா இருக்கணும்."

"எண்ணவே முடியேல்லை அக்கா. சதை அளவு காணாதாம். ஆகக் குறைஞ்சது நூறு செல் வேணும். நூறு செல்கூட இல்லை."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு சீதாதேவி சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த ரிப்போர்ட்டுக்காக அவள் மூன்று வாரமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. அவள் புருஷன் ராஜூவுக்கு ஐம்பத்தொன்பது வயது. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். வலது நுரையீரலில் புற்றுநோய், எலும்புக்கும் பரவியாயிற்று, அறுத்து எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வழி. உடம்பின் சொந்தக் காவலை உசுப்பிவிட்டு, அதைக் கொண்டே புற்றை அடிக்க வைக்கும் புது மருந்து. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்பில் ஏற்றுவார்கள். அந்த 2017இல் அரசாங்கம் அதைத் தோல் புற்றுக்குக் கொடுத்தது, நுரையீரலுக்குக் கொடுக்கவில்லை. சொந்தமாக வாங்குவது இவர்கள் கைக்கு எட்டாத காரியம். சோதனையில் சேர்ந்தால் சும்மா கிடைக்கும்.

சேர்வதற்கு ஒரு கணக்கு இருந்தது. கட்டியிலிருந்து ஊசியில் எடுத்த சதையை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, அதில் ஒரு பழுப்புச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவார்கள். நூறு புற்று செல்லில் எத்தனை செல்லைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு தெரிகிறது? ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் உள்ளே. ஐம்பதுக்குக் கீழே என்றால் வெளியே. ஜூலை இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, சோதனைக்கு ஆள் எடுப்பதை மூடுகிறார்கள்.

"மே மாசம் எடுத்தாங்களேம்மா! எங்க போச்சு அந்தச் சதை?"

"எடுத்ததே அரிசிக் குறுணை அளவுதானே. ஜீன் டெஸ்ட்டில முடிஞ்சு போச்சு. முதல் தரம் சரியா விளங்கேல்லை எண்டு திருப்பியும் சீவிப் பார்த்தவை. ஒண்டும் இல்லை."

"இந்த எண்ணிக்கையை முதல்ல பாத்திருக்கலாம்ல?"

"சிகரெட் பத்தாத ஆக்களுக்கு, அதுவும் எங்கட ஆசியப் பக்கத்து ஆக்களுக்கு, ஜீன் மாறின வகை வாற சான்ஸ் கூட, அக்கா. அதுக்குக் குளிசை மருந்து இருக்கு. அதாலதான் முதல்ல அதைத் தேடினவை. இவற்ற ஃபைலில 'ஒருநாளும் பத்தாதவர்' எண்டு கிடக்கு."

ஒருநாளும் சிகரெட் பிடிக்காதவராம்! சீதாதேவி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"இன்னொருக்கா ஊசி போட்டுச் சதை எடுக்கலாம்," என்றாள் ரதிதேவி. "ஆனா அவற்ற நுரையீரல் இருக்கிற நிலையில அது ஆபத்து. வியாழக்கிழமை டாக்குத்தர்மார் கூடிக் கதைக்கப் போகினம். சிகரெட் பத்தாதவருக்கு இந்த மருந்து கேக்கிறது குறைவு, அதுக்காக ஒரு மனுசனை ஆபத்தில விடவேணுமோ எண்டுதான் யோசிப்பினம். அனேகமா வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம்."

"அவர் பிடிச்சிருந்தா?"

ரதிதேவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லாதேங்கோ அக்கா. ஃபைலை நான் மாத்தேலாது. புதன்கிழமை கிளினிக் இருக்கு. அவர் தன்ர வாயால டாக்குத்தரிட்ட சொல்லவேணும்."

ஏப்ரல் மாதத்து முதல் கிளினிக்கில் என்ன நடந்தது என்று அவளுக்கு மறக்கவா செய்யும்? மொழிபெயர்க்க ஆள் தருகிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. "எதுக்குலா வெளி ஆளு? நான் என்ன செத்தா போய்ட்டேன்?" என்று அதைத் தடுத்தவர் அவளுடைய அண்ணன் சிவனேசன். சிரம்பானில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாசி என்கிற பேட்டையில், மகன் வாங்கிய வீட்டில் இருக்கிறார். எழுபது வயதிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். இவர்களை மலேசியாவிலிருந்து இங்கே கூட்டிவந்ததும், ராஜூவுக்கு வேலை பிடித்துத் தந்ததும் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம்.

டாக்டர் ஹெலன், நெட்டையான வெள்ளைக்காரப் பெண்மணி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்போதாவது சிகரெட் பிடித்ததுண்டா என்று ராஜூவைக் கேட்டார். ராஜூவுக்கே புரிகிற கேள்விதான். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நெவர், டாக்டர். நாட் இன் அவர் ஃபேமிலி."

ராஜூ குனிந்து காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார். சீதாதேவி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருஷம்! பெண் பார்க்க வந்த அன்றைக்கு அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "குடி உண்டா, சிகரெட் உண்டா?" என்பதுதான். "இல்லைங்க" என்றார் ராஜூ. கல்யாணமான அதே வாரத்தில் சீதாதேவிக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லிவிட்ட அந்த ஒரு "இல்லைங்க"வுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முப்பத்திரண்டு வருஷம் கூத்தடித்தார்கள். சிகரெட் வாடை பிடித்த ஜாக்கெட் கராஜில் தொங்கும், வீட்டுக்குள் வராது. வாயில் எந்நேரமும் கிராம்பு. அண்ணன் கார் சத்தம் கேட்டால் ராஜூ பாதி சிகரெட்டை மண்ணில் நசுக்கிவிட்டுக் குழாயடிக்கு ஓடுவார். கேட்டால், மரியாதையாம்! கொட்டகைக்குப் பின்னால் நின்று ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிற மனிதருக்கு, மச்சான் முன்னால் மட்டும் மரியாதை பொத்துக்கொண்டு வரும்.

வெங்காயம் அப்படியே கிடக்க, அவள் ஹாலுக்குப் போனாள். ராஜூ ஹீட்டருக்கு முன்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் வந்த செய்தியை ஒன்று விடாமல் சொன்னாள்.

"புதன்கிழமை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"என்னாத்த?"

"என்னாத்தயா? நீங்க ஊதினதைத்தான்."

"மச்சான் வருவாரே."

"வரவேணாம்னு சொல்லிடுறேன்."

"எதுக்குன்னு கேப்பாரு. எப்படியும் தெரிஞ்சிரும்."

"தெரியட்டுமேங்க! உசிரு போவுது, இன்னமும் மச்சான் மச்சான்னுக்கிட்டு. அவரா உங்களுக்குப் பதிலா படுத்திருக்கப் போறாரு?"

"கத்தாத சீதா." அவருக்கு இருமல் வந்தது. அது அடங்கியதும், மெல்லத்தான் சொன்னார். "முப்பத்திரண்டு வருஷம் அந்த மனுஷன் என்னைத் தங்கமான மாப்ளன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரு மூஞ்சியப் பாத்து நான் சொல்றதா? எனக்கு முடியாது. அப்படிச் சொல்லித்தான் பொழைக்கணும்னா, அது வேணாம்லா."

"உங்களுக்கு வேணாம். எனக்கு வேணாமா?"

ராஜூ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஹீட்டரையே பார்த்தார். அந்த முகத்தில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று அவளுக்கு வந்தது. நோயாளியைப் பார்த்து அப்படி வந்ததே என்று அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, புதன்கிழமை நீங்க வரவேணாம். நாங்க டாக்சி புடிச்சிப் போயிக்கிறோம்."

"ஏன்? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. மழையா இருக்கு, இவ்வளோ தூரம் எதுக்கு..."

"மழைக்கு காருக்குள்ள என்னா வேல? எட்டரைக்கு வாசல்ல நிப்பேன். மாப்ளய பசியாற வச்சி ரெடியா இருக்கச் சொல்லு," என்று வைத்துவிட்டார்.

சொன்னபடியே எட்டரைக்கு நின்றார். ஒரு நிமிஷம் பிந்தினால் அவர் பிறவிக்கே கேடு. காரில் போகும்போது, கோயில் கமிட்டியில் ஆடிப் பூசைக்கு யார் யார் என்னென்ன கூத்தடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ராஜூ "ஆமா மச்சான், ஆமா மச்சான்" என்று முன் சீட்டில் தலையாட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் சீதாதேவி கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் கராஜுக்குப் போய் ஜாக்கெட்டின் உள்பையில் கைவிட்டு எடுத்த பாக்கெட் அதற்குள் இருந்தது. இருபதில் பதினொன்று மிச்சம்.

கிளினிக் அறையில் டாக்டர் ஹெலனும், கையில் தாள்களோடு ரதிதேவியும் இருந்தார்கள். டாக்டர் நிதானமாக விளக்கினார். சதை போதவில்லை. திரும்ப ஊசி போட்டால் நுரையீரலில் காற்று கசியக்கூடும். அந்த ஆபத்துக்குத் தக்க பலன் இருக்குமா என்று நாளைக்குக் கூடிப் பேசப் போகிறோம். அண்ணன் அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது ஆபத்தைப் பாதியாகக் குறைத்தார், அவருடைய மொழிபெயர்ப்பு லட்சணம் அப்படி.

"அதுக்கு முன்னால, பழைய விவரம் எல்லாம் சரிதானான்னு டாக்டர் கேக்குறாங்க, மாப்ள. சரின்னு சொல்லிடவா?"

ராஜூ தலையாட்டினார். பாவி மனிதர், தலையாட்டினார்!

சீதாதேவிக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. இத்தனை வருஷத்தில் டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கவும் பஸ் டிரைவரிடம் இடம் சொல்லவும் போதுமான இங்கிலீஷ்தான். அது போதும் என்று அன்றைக்குத் தீர்மானித்துவிட்டாள்.

"டாக்டர்," என்றாள். "ஹி ஸ்மோக். எவ்ரி டே. தர்ட்டி டூ இயர்."

 அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். சிரித்துக்கொண்டே டாக்டர் பக்கம் திரும்பி, இவள் மிகவும் மனம் குழம்பியிருக்கிறாள், பல நாளாகத் தூக்கமில்லை, இவள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சுத்தமான இங்கிலீஷில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைச் சமாளித்து அனுப்புகிற அதே குரல். அவள் தலையில் கிறுக்கு என்று அவள் முன்னாலேயே சொல்கிறார், அதுவும் அவளுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு!

சீதாதேவி கைப்பையைத் திறந்து பாக்கெட்டை எடுத்து டாக்டரின் மேசையில் பட்டென்று வைத்தாள். அதன் மேல், இந்த நாட்டு வழக்கப்படி, கருகிப்போன ஒரு நுரையீரலின் படம் இருந்தது.

"இவரு ஜாக்கெட்ல இருந்து எடுத்தேன். எனக்குக் கிறுக்குப் புடிச்சி நான் ஊதினதுன்னு சொல்லுங்க அண்ணே, சொல்லுங்க!"

"சீதா! எங்க உக்காந்திருக்கன்னு தெரியுதா உனக்கு?"

டாக்டர் ரதிதேவியைப் பார்த்தார். ரதிதேவி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ."

"நான் அவரோட மச்சான். எல்லாத்துக்கும் பொறுப்பு நான்தான். தெரியுமா உங்களுக்கு?"

"ஓம், தெரியும் அண்ணை. அதுக்காகத்தான் சொல்லுறன்."

அவர் போனார். போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவு சாத்தியதும் டாக்டர் அதே பழைய கேள்வியை, அதே குரலில், ராஜூவிடம் கேட்டார்.  ராஜூ அந்தக் கதவைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்தார்.

"ஒன் பாக்கெட், டாக்டர். ஃபார்ட்டி இயர்ஸ்."

நாற்பது! கல்யாணத்துக்கு முந்தைய எட்டு வருஷத்தை அவளிடமே மறைத்திருக்கிறார். போகட்டும். டாக்டர் திட்டவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "தேங்க் யூ, ராஜூ" என்று எழுதிக்கொண்டார். முழுசாக அரை நிமிஷம் ஆகவில்லை. இந்த அரை நிமிஷத்துக்காகவா இத்தனை வருஷம், இத்தனை கிராம்பு, இத்தனை ஓட்டம் என்று சீதாதேவிக்கு ஆத்திரமாக வந்தது.

ராஜூவின் ரத்தத்தை எடுக்க உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். அவள் வெளியே வந்தாள். நடையில், சாக்லேட் விற்கிற மிஷின் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார்.

"திருப்தியா? வெள்ளைக்காரி முன்னாடி என் மானத்தை வாங்கியாச்சா?"

"உங்க மானமா? அவரு உசிரு அண்ணே அது!"

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கிட்டிருந்த?" அவர் குரல் தணிந்தது, ஆனால் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. "எனக்கு மூக்கு இல்லையா? உன் கல்யாணத்தன்னிக்கே மோந்துட்டேன். நான் வந்தா அவன் கொல்லைக்கு ஓடுறதும், கிராம்பைக் கடிச்சிக்கிட்டு வந்து நிக்கிறதும், முப்பத்திரண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

சீதாதேவி அவரை நெருங்கி வந்தாள்.

"தெரிஞ்சா டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னீங்க? தெரிஞ்சா?"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன்! சிகரெட்டு குடிச்சி வந்த நோயின்னா இவனுங்க நல்ல மருந்து குடுப்பானுங்களா? தானா தேடிக்கிட்டதுன்னு வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவான். வந்தேறி வேற, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன் வேற, இதுல சிகரெட்டும்னா யாருலா கேப்பாங்க? சுத்தமான ஆளுன்னு சொன்னா முன்னாடி போடுவான். உன் தாலிக்காகப் பொய் சொன்னேன். என் வாழ்க்கையில நான் சொன்ன ஒரே பொய்யி அது."

ரதிதேவி எப்போது வெளியே வந்தாளோ, ரத்தக் குப்பிகளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வரிசை எண்டு ஒண்டும் இல்லை அண்ணை," என்றாள். "பத்தினவை, பத்தாதவை எல்லாருக்கும் ஒரே கட்டில்தான். ஆனா இந்த மருந்து பத்தினவையளுக்குத்தான் கூடக் கேக்குது. புகை பட்டுப் பட்டு அந்த செல்லுகள் கனக்க மாறிப் போயிருக்கும். கனக்க மாறினதை உடம்பு, இது என்ர இல்லை எண்டு லேசாக் கண்டுபிடிக்கும். முதலே சொல்லியிருந்தால், சாயத்துக்கு எண்டு நாலு சீவல் தனிய எடுத்து வச்சிருப்பினம்."

அண்ணனுக்கோ சொந்தப் பாடத்தில் மாணவனிடம் மாட்டிக்கொண்ட வாத்தியார் முகம். அப்போதாவது ஒரு வார்த்தை, "தப்பா போச்சும்மா" என்று ஒரே ஒரு வார்த்தை, வரும் என்று சீதாதேவி காத்திருந்தாள்.

"அப்படின்னா அதை முன்னாடியே சொல்லணும் நீங்க," என்றார் ரதிதேவியிடம். "சுவத்துல எழுதி ஒட்டணும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உண்மையைச் சொல்லுங்கோ எண்டு சுவரில எழுதி ஒட்டவோ, அண்ணை?" என்று கேட்டுவிட்டு ரதிதேவி தன் வழியே போய்விட்டாள்.

அன்றைக்கு அண்ணன் காரில் அவர்கள் ஏறவில்லை. டாக்சியில் வந்தார்கள். "இனிமே நாங்க கூப்பிடாம ஆஸ்பத்திரிப் பக்கம் வராதீங்க," என்று அவள் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ராஜூ அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோதும், "உப்பு கம்மி" என்றுதான் பேசினார். வியாழக்கிழமை டாக்டர்கள் கூடி, ஊசி போடலாம் என்று முடிவு செய்தார்கள். அதைச் சொன்னபோதுகூட அவர் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கவில்லை. ஊசி போடாமல் செத்துப்போயிருந்தால் நல்ல மாப்பிள்ளையாகப் போயிருக்கலாமே என்ற ஏக்கமாக்கும்!

ஜூலை பதினொன்று, செவ்வாய்க்கிழமை ஊசி. இந்தத் தடவை தாராளமாகவே சதை வந்தது. ஆனால் ஊசி போன வழி மூடவில்லை. டாக்டர் பயந்தபடியே காற்று கசிந்து, சாயங்காலத்துக்குள் நுரையீரல் சுருங்கிவிட்டது. விலாவில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் உள்ள ஒரு டப்பாவில் விட்டார்கள். அவர் மூச்சு விடும்போதெல்லாம் டப்பாவில் குமிழி வந்தது. குமிழி நின்றால்தான் கசிவு நின்றதென்று அர்த்தம். சீதாதேவி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, சாப்பிடாமல் கொள்ளாமல் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன் வந்தது, ஞாயிறு வந்தது, மறுபடி திங்கள் வந்தது. குமிழி நிற்கிற வழியைக் காணோம். சோதனை மூட இன்னும் நாலு நாள்.

பத்தொன்பதாம் தேதி காலை ரதிதேவி வார்டுக்கே வந்தாள். போனில் சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எண்ணிப் போட்டினம். எண்பத்தைஞ்சு."

"எண்பத்தஞ்சா? நூத்துக்கா?" சீதாதேவி எழுந்தேவிட்டாள். "அம்பது போதும்னீங்களே! அப்ப சேத்துக்குவாங்கல்ல?"

ரதிதேவி டப்பாவைப் பார்த்தாள்.

"குழாயோட ஆளைச் சேர்க்கேலாது அக்கா. அது விதி. டாக்குத்தர் நேற்று இரண்டு தரம் எழுதிக் கேட்டவ, ஒரு கிழமை, ஏழே ஏழு நாள் தாங்கோ எண்டு. வெளிநாட்டிலதான் முடிவெடுக்கிறவை. உலகம் முழுக்க வெள்ளியோட மூடுகினம், ஒருத்தருக்காகத் திறந்து வைக்கேலாது எண்டு பதில் வந்திட்டுது." பிறகு, "சாதாரண கீமோ இருக்குத்தானே. குழாய் எடுத்ததும் அதைத் துவங்குவினம்," என்றாள். சொல்லும்போது அவள் குரலில் வழக்கமான வெட்டு இல்லை.

கீமோ என்றால் என்ன கணக்கு என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மாதக் கணக்கு.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. மே மாசமே இந்தச் சாயத்தைப் போட்டிருந்தா?"

"அப்ப இடம் இருந்தது," என்றாள் ரதிதேவி. "மூண்டு இடம் இருந்தது."

ரதிதேவி போன பிறகு சீதாதேவி ராஜூவைப் பார்த்தாள். அழுவார் என்று நினைத்தாள். அழவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது.

"சீதா, இன்னிக்கி மச்சான் வர்றேன்னாரு. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். கோச்சிக்காத. நம்பர் என்னான்னு கேப்பாரு. முப்பதுன்னு சொல்லிடு."

"என்னா?"

"முப்பதுன்னு சொல்லு. எப்படியும் கெடைச்சிருக்காதுன்னு நெனச்சிக்குவாரு. வயசான மனுஷன், எனக்காகன்னு சொன்ன பொய்யி. எண்பத்தஞ்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. இத்தனை வருஷத்துல நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

கேட்டதில்லையா? முப்பத்திரண்டு வருஷமாக வேறு என்னத்தைக் கேட்டார்? அவள் கையை உருவிக்கொண்டாள். செத்துக்கொண்டிருக்கிற மனிதர், சாகடித்த மனிதருக்காகக் கெஞ்சுகிறார். அதை என்னவென்று சொல்வது! அவர் நல்லவர்தான். அந்த நல்லதனத்தைக் கண்டால்தான் அவளுக்கு அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்தார். கழுத்துப் பொத்தான் போட்டிருந்தது, கையில் கஞ்சி ஃபிளாஸ்க் இருந்தது. சீதாதேவியைத் தாண்டி ராஜூவிடம், "எப்படிலா இருக்கு மாப்ள?" என்றார். ராஜூ படுத்த வாக்கிலேயே உடம்பை ஒழுங்குபடுத்திக்கொள்ளப் பார்த்தார். விலாவில் குழாயோடு, மச்சானுக்கு மரியாதை.

அண்ணன் ஃபிளாஸ்கைத் திறந்து கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமலேயே கேட்டார்.

"நம்பரு வந்துருச்சா?"

ராஜூ அவளைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். முப்பது என்கிற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அண்ணன் கையால் இவர் கஞ்சி குடிப்பார், கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை நடக்கும், தங்கமான மாப்பிள்ளை தங்கமாகவே போய்ச் சேர்வார்.

"எண்பத்தஞ்சு," என்றாள் சீதாதேவி.

"சீதா..." என்றார் ராஜூ.

"எண்பத்தஞ்சு, அண்ணே. அம்பது போதும். இந்தக் குழாய் போட்டதால வேணாம்னுட்டாங்க. ரெண்டாவது ஊசியாலதான் இந்தக் குழாய். மொத சதை வீணாப் போனதாலதான் ரெண்டாவது ஊசி. மே மாசம் மூணு இடம் காலியா இருந்துச்சாம்."

கஞ்சி கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது. அண்ணன் ஃபிளாஸ்கை நிமிர்த்த மறந்து நின்றார். பிறகு கீழே வைத்தார். மூடியைத் திருகப் பார்த்தார், அது இடத்தில் உட்காரவில்லை.  ராஜூ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்கிட்ட நீ பொய் சொல்லியிருக்கலாம்ல, சீதா?" என்று கேட்டார் அண்ணன். துணைத் தலைமையாசிரியர் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள். "அவருகூட அதைத்தான் கேட்டாரு."

அண்ணன் ராஜூவின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது, டப்பாவில் குமிழிகள் படபடவென்று வந்தன. சீதாதேவி துண்டை எடுத்து மேசையில் வழிந்த கஞ்சியைத் துடைக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரில் ஒருவரைக்கூட அவள் தேற்றவில்லை.